காணா விரைவை அளந்தவர்

கடலூர் நகரின் கிழக்கே, கெடிலம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் தேவனாம்பட்டினம் அமைந்துள்ளது. அங்கே செயின்ட் டேவிட் கோட்டை என்றொரு கோட்டை இருந்தது. இன்று அதன் சிதைந்த பகுதிகளே எஞ்சியுள்ளன. 1690ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து அக்கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது எல்லை வகுத்த முறை விந்தையானது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ, அவ்வளவு நிலமும் கம்பெனிக்கே உரியது என்பது உடன்பாடு. அவ்வாறே பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று நெடுங்காலம் வழங்கப்பெற்றன. அவ்வூர்களில் உழுது வாழ்ந்தோரின் நிலத்துக்கு, ஒரு நாள் வெடித்த மருந்தின் வலிமை எல்லைக்கல் நட்டது.

அந்தக் குண்டு என்ன விரைவில் பறந்தது? காற்று அதனை எவ்வளவு தடுத்தது? சுட்டவர்களுக்கும் தெரியாது; அன்றைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் எவருக்கும் தெரியாது. அவ்வினாவுக்கு முதன்முதலாக நம்பத்தகுந்த விடை கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு வந்தார், ஓராண்டு வாழ்ந்தார், அங்கேயே மறைந்தார்.

இளமையும் கல்வியும்

ராபின்ஸ் 1707ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் வறியவர், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போர் தொடுப்பதும் படைக்கலம் ஏந்துவதும் பாவம் என்பது அப்பிரிவினரின் உறுதியான கொள்கை. அத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் பீரங்கி அறிவியலின் தந்தை எனப் பெயர்பெற்றது, அவர் வாழ்வில் நம்மை நின்று நோக்கச் செய்யும் முரண்களுள் முதலாவது.

கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றார். அவருடைய தாள் ஒன்று, நியூட்டனின் நண்பர்களுள் ஒருவரான மருத்துவர் ஹென்றி பெம்பர்ட்டனிடம் சென்றது. அவர் சில கணக்குகளைக் கொடுத்து இளைஞரின் திறனைச் சோதித்தார். விடைகளைக் கண்டு இலண்டனுக்கு வருமாறு ஊக்கினார். 1727இல், இருபதாம் வயதில், ராபின்ஸ் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நியூட்டன் மறைந்த ஆண்டும் அதுவே. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. மாணவர்க்குத் தனியே கணிதம் கற்பித்துப் பொருளீட்டினார். காலப்போக்கில் குவேக்கர்களின் எளிய உடையையும் கைவிட்டார். நியூட்டனின் நுண்கணித முறையைத் தத்துவ அறிஞர் பெர்க்லி கடிந்து எழுதியபோது, 1735இல் அதற்கு விடையாக ஒரு நூல் எழுதினார்.

ஒரே இடத்தில் அமர்ந்து கற்பிப்பது அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை. பாலங்கள், ஆலைகள், துறைமுகங்கள், சதுப்புநில வடிகால் ஆகியவற்றில் அவர் மனம் சென்றது. பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று கோட்டைகளின் அமைப்பைக் கண்டறிந்தார். 1741இல் உல்லிச் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட இராணுவக் கல்விக்கூடத்தில் கோட்டையியல் பேராசிரியர் பதவியை நாடினார். அது வேறொருவருக்குக் கிட்டியது. முதலமைச்சர் வால்போலுக்கு எதிராக ராபின்ஸ் எழுதிய அரசியல் கட்டுரைகளே அதற்குக் காரணம் என்று கருதுவோர் உண்டு. அப்பதவிக்காக ஆயத்தம் செய்த பாடங்களை அவர் வீணாக்கவில்லை, விரித்து நூலாக்கினார். 1742இல் வெளிவந்த அந்நூலின் பெயர், பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்று பொருள்படும். அவருக்கு அப்பதவி கிடைத்திருப்பின் அந்நூல் விரிவுரைக் குறிப்பாகவே முடங்கியிருக்கவும் கூடும்.

ஊசல் சொன்ன உண்மை

அதுவரை பீரங்கியாளர்கள் நம்பியது கலிலியோவின் கணக்கு. எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று 1638இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ நிறுவியிருந்தார். காற்றின் தடையைப் புறக்கணித்தால் அது முற்றிலும் சரி. காற்று மெல்லியது, இரும்புக் குண்டோ கனமானது. ஆதலால் தடை பொருட்படுத்தத் தக்கதன்று என்றே பலரும் எண்ணினர். மறுத்துரைக்க ஒருவரிடமும் அளவீடு இல்லை. பறக்கும் குண்டைக் கண்ணால் தொடர முடியாது. நொடிக்கு 1,600 அடி செல்லும் பொருள், ஒருமுறை கண் இமைப்பதற்குள் நூறடிக்கு மேல் கடந்துவிடும்.

ராபின்ஸ் குண்டைத் துரத்தவில்லை, அதனை நிறுத்தினார். மூன்று கால்களுடைய உறுதியான தாங்கியில் ஓர் இரும்பு ஊசலைத் தொங்கவிட்டு, அதன் முகத்தில் தடித்த மரப்பலகையைப் பொருத்தினார். ஊசலின் எடை ஏறத்தாழ 56 பவுண்டு. முக்கால் அங்குல விட்டமும், ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையும் கொண்ட ஈயக் குண்டைத் துப்பாக்கியால் அதன்மேல் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்து நின்றது. ஊசல் பின்னோக்கி ஆடியது. ஊசலின் அடியில் கட்டிய நாடா, ஆட்டத்தின் அளவுக்குத் தக்கபடி வெளியே இழுபட்டது. நாடாவின் நீளத்தை அளந்தால் ஊசல் எவ்வளவு ஆடியது என்பது தெரியும். அதிலிருந்து ஊசல் பெற்ற வேகம் தெரியும். அதிலிருந்து குண்டின் வேகம் தெரியும்.

மொத்த நேர்க்கோட்டு உந்த மாறா விதியை இயற்பியல் பாடத்தில் நீங்கள் கற்கிறீர்கள். மோதலுக்கு முன்னிருந்த உந்தமே மோதலுக்குப் பின்னும் இருக்கும். சிறு குண்டின் பெருவேகம், பெரும் ஊசலின் சிறுவேகமாக மாறுகிறது. சுழலும் ஊசலாதலால் ராபின்ஸின் கணக்கு சற்று விரிவானது. ஆயினும் அடிப்படை அதுவே. கண்ணுக்கு எட்டாத ஒன்றை, அளவுகோலுக்கு எட்டும்படி மெதுவாக்கிக் கொண்டதில்தான் அவருடைய நுட்பம் அடங்கியிருக்கிறது. இக்கருவிக்கு எறிபொருள் ஊசல் என்று பெயர். நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் படைக்கலச் சோதனையில் அது பயன்பட்டது.

பின்னர் அவர் அதே அளவு மருந்திட்டு, ஊசலை 25 அடி, 75 அடி, 125 அடி தொலைவுகளில் வைத்துச் சுட்டார். குண்டின் வேகம் முறையே நொடிக்கு ஏறத்தாழ 1,670, 1,550, 1,425 அடி எனக் கிடைத்தது. வெறும் நூறடித் தொலைவில் குண்டு தன் வேகத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை இழந்துவிட்டது. காற்று அதனை எதிர்த்துத் தள்ளும் விசை, குண்டின் எடையைப்போல் 120 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். மெல்லியது என்று எண்ணப்பட்ட காற்றின் வலிமை இது. 24 பவுண்டு எடையுள்ள பீரங்கிக் குண்டு, பரவளையக் கணக்கின்படி 16 மைல் செல்ல வேண்டும். உண்மையில் அது 3 மைலைக்கூட எட்டுவதில்லை என்றும் காட்டினார். கலிலியோவின் விதியில் பிழை இல்லை; அதனைக் காற்றுக்குள் அப்படியே கொண்டுவந்தவர்களே பிழை செய்தவர்கள்.

இரண்டு புதிர்கள்

அளவீடுகள் பெருகியபோது இரு புதிர்கள் எழுந்தன. இரண்டையும் ராபின்ஸ் மறைக்காமல் எழுதிவைத்தார்.

முதலாவது, தடையின் திடீர் உயர்வு. வேகம் குறைவாக உள்ளபோது காற்றின் தடை ஓர் ஒழுங்கில் கூடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், அவ்வொழுங்குப்படி எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக அது பெருகுகிறது. அந்த வேகம் எது என்று பார்த்தால், காற்றில் ஒலி செல்லும் வேகத்துக்கு மிக அருகில் இருந்தது. இந்த ஒற்றுமையை ராபின்ஸ் கண்டு குறித்தார். ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதை நேரில் காண அவரிடம் வழி இல்லை. மரமும் இரும்பும் நாடாவும் கொண்டு, ஒலித்தடை என்று பின்னாளில் விமான வல்லுநர்கள் பெயரிட்ட எல்லையை 1740களிலேயே அவர் தொட்டுவிட்டார் என்பதே வியப்புக்குரியது.

இரண்டாவது, குண்டின் கோணல். நேராகக் குறிவைத்துச் சுட்டாலும் உருண்டைக் குண்டுகள் ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் விலகிச் சென்றன. குழலின் உட்சுவரில் உராய்ந்து குண்டு சுழல்வதும், சுழலும் குண்டின் ஒரு பக்கத்தில் காற்றின் தடை மிகுவதுமே காரணம் என்று ராபின்ஸ் கருதினார். அதனை மெய்ப்பிக்கத் துப்பாக்கிக் குழலின் முனையைச் சற்றே இடப்புறமாக வளைத்தார். குண்டு செல்லும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளை இடைவெளிவிட்டு நிறுத்திச் சுட்டார். குழல் இடப்புறம் வளைந்திருந்தமையால் குண்டு முதலில் இடப்புறமாகவே புறப்பட்டது. ஆனால் தொலைவில் இருந்த சுவரில் அது வலப்புறம் பட்டது. இடையிலிருந்த காகிதங்களின் துளைகள், அது காற்றில் வளைந்து திரும்பிய வழியைக் காட்டின. சுழற்பந்து வீச்சாளர் விரலால் பந்தைச் சுழற்றிக் காற்றில் விலகச் செய்வதை மைதானத்தில் கண்டவர்களுக்கு இது புரியும். துப்பாக்கிக் குழலின் உள்ளே திருகுபோல் பள்ளம் வெட்டி, பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு குண்டைச் சுழலச் செய்தால் அது நேர்வழி தவறாது என்பதையும் அவர் விளக்கினார்.

1746ஆம் ஆண்டுக்குரிய காப்லி பதக்கத்தை இராயல் கழகம் அவருக்கு வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மாபெரும் கணித மேதை ஆய்லர் அவருடைய நூலைச் செருமானிய மொழியில் பெயர்த்திருந்தார். அம்மொழிபெயர்ப்பில் ஆய்லர் சேர்த்த விளக்கங்கள் மூலநூலைவிட நீளமானவை. ஆனால் சுழற்சியால் குண்டு விலகும் என்பதை ஆய்லர் ஏற்கவில்லை. குண்டின் வடிவத்தில் உள்ள குறையே காரணம் என்றார். மேதையின் சொல்லுக்கே மதிப்பு மிகுதியாக இருந்தது. 1852இல் செருமானிய அறிஞர் மாக்னஸ் ஆய்வு செய்து சுழற்சியின் விளைவை உறுதிப்படுத்தினார். இன்று பாடநூல்களில் அது மாக்னஸ் விளைவு என்றே வழங்குகிறது. ராபின்ஸின் பெயர் அதில் இடம்பெறாதது முறையன்று என்றே தோன்றுகிறது.

கடலூர்க் கோட்டையில்

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். சில நாள் தாக்குதலையே ஜார்ஜ் கோட்டையால் தாங்க முடியவில்லை. சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. 1749இல் சென்னை மீண்டும் கம்பெனியிடம் வந்த பின்னரும் சிலகாலம் கடலூரே தலைமையிடமாக இருந்தது. அதே ஆண்டில் கம்பெனிப் படை தெற்கே கொள்ளிடத்தின் முகத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடிக்கச் சென்றது. முதல் முயற்சி தோற்றுத் திரும்புகையில், சிதம்பரத்தில்தான் அப்படை தங்கி நின்றது. அக்காலத்தில் சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களைப் போரிடுவோர் கோட்டை மதில்களாகவே பயன்படுத்தினர். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், பின்னர் ஐதர் அலியின் படையினர் என ஒருவர் மாற்றி ஒருவர் அதற்குள் காவல் இருந்தனர். வழிபாட்டுக்கு எழுப்பிய சுவர்கள் பீரங்கிக்கு எதிர்நின்ற காலம் அது.

கம்பெனி தன் கோட்டைகளை வலுப்படுத்த ஒரு வல்லுநரைத் தேடியது. பீரங்கியின் வலிமையை அளந்தவரே அதனைத் தாங்கும் சுவரையும் வகுக்கத் தக்கவர் என்று எண்ணி, 1749இல் ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில் அவர் கப்பலேறினார். வானியல் கருவிகளையும் ஆய்வுக் கருவிகளையும் உடன் கொண்டுவந்தார்; இந்தியாவில் ஆய்வுகளைத் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜான் கால் என்னும் இளைஞர் அவருடைய செயலராக உடன்வந்தார். 1750ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர்கள் கடலூர்க் கரையில் இறங்கினர்.

ராபின்ஸ் காலந்தாழ்த்தவில்லை. செயின்ட் டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் முழுமையான திட்டங்களை வரைந்தார். ஆனால் வந்த இரண்டாம் திங்களிலேயே கடுங்காய்ச்சல் பற்றியது. அதிலிருந்து ஓரளவு தேறினாலும் உடல் பழைய நிலைக்கு மீளவில்லை. நலிந்த உடலோடு பணியைத் தொடர்ந்தார். 1751ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் செயின்ட் டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார். கம்பெனிக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கையில், கையில் எழுதுகோலுடன் அவர் உயிர் பிரிந்தது என்று சொல்வர். அப்போது வயது 44, மணம் செய்துகொள்ளாதவர். சில வாரங்களில் ஆர்க்காட்டு முற்றுகையும் அதன்வழிக் கிளைவின் எழுச்சியும் தொடங்கின.

அவர் இங்கு வந்தது நம் மக்களின் நன்மை கருதியன்று. வாணிகம் செய்ய வந்து நாடாளத் தலைப்பட்ட ஒரு கம்பெனியின் ஊதியம் பெற்று, அதன் அரணைப் பெருக்க வந்தார். இதனை மறைத்து அவரைப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவருடைய ஊசலும் எண்களும் எந்தக் கம்பெனிக்கும் உரியவை அல்ல என்பதும் அதே அளவு உண்மை. கொண்டுவந்த கருவிகளால் அவர் செய்ய நினைத்த ஆய்வுகள் செய்யப்படாமலே போயின. அவர் வலுப்படுத்த விரும்பிய கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். உடன்வந்த ஜான் கால் பின்னாளில் சோழமண்டலக் கரையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். ராபின்ஸின் எழுத்துகளை அவர் நண்பர் ஜேம்ஸ் வில்சன் தொகுத்து 1761இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

ஒளி கண்ட காட்சி

ராபின்ஸ் கணக்கால் உணர்ந்ததைக் கண்ணால் காண ஒளியியல் வளரவேண்டியிருந்தது. அவர் மறைந்து சரியாக நூறாண்டு கழித்து, 1851இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான டால்பாட், சுழலும் சக்கரத்தில் ஒட்டிய செய்தித்தாளை மின்பொறியின் ஒளியில் படம்பிடித்தார். மின்பொறி மிகக் குறுகிய நேரமே ஒளிர்வதால், விரைந்து சுழன்ற எழுத்துகளும் நிலைத்து நின்றாற்போல் பதிந்தன. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளிரும் பொறி நமக்குக் கிடைத்தால், ராபின்ஸின் குண்டு அந்நேரத்தில் அரை மில்லிமீட்டர் தொலைவே நகரும்.

குண்டைப் படம்பிடிக்க இது போதும். அதனைச் சூழ்ந்த காற்றைக் காண இன்னொரு நுட்பம் வேண்டும். கோடை நண்பகலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைக் கண்டிருப்பீர்கள். சூடான காற்றின் அடர்த்தி வேறாதலால் அங்கே ஒளி விலகுகிறது. 1864இல் ஆகஸ்ட் டோப்ளர் இதனையே கருவியாக்கினார். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை லென்சோ குழியாடியோ மீண்டும் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அப்புள்ளியில் கூரிய கத்தி விளிம்பை வைத்து ஒளியில் ஒரு பாதியை மறைக்கிறார்கள். இடையிலுள்ள காற்றில் அடர்த்தி மாறிய இடங்களைக் கடந்த ஒளி சற்றே விலகுகிறது. அது விளிம்பில் பட்டு மறைகிறது, அல்லது விளிம்பைத் தப்பிக் கூடுதலாக நுழைகிறது. அதனால் காற்றின் மாறுபாடுகள் கருமையும் வெண்மையுமாகப் படத்தில் தோன்றுகின்றன. இம்முறைக்கு ஷ்லீரன் முறை என்று பெயர்.

பிராகு நகரில் இருந்த எர்ன்ஸ்ட் மாக் இவ்விரண்டையும் இணைத்துக் குண்டைப் படம்பிடிக்க முயன்றார். முதலில் பயன்படுத்திய துப்பாக்கியின் குண்டு ஒலியினும் மெதுவாகச் சென்றமையால், அவர் எதிர்பார்த்த அலை தென்படவில்லை. பின்னர் அவருடைய வேண்டுகோளின்படி, பியூமே கடற்படைக் கல்விக்கூடத்துப் பேராசிரியர் பீட்டர் சால்கர் 1886இல் ஒலியினும் விரைந்த குண்டுகளைச் சுட்டுப் படமெடுத்தார். பறக்கும் குண்டே மின்சுற்றை நிறைவுசெய்து, தன்னைப் படம்பிடிக்கும் பொறியைத் தானே எழுப்புமாறு கருவி அமைந்திருந்தது. படத்தில் குண்டின் முனைக்கு முன்னே வில்போல் வளைந்த கோடு ஒன்று தெளிவாக நின்றது. ஆற்றில் செல்லும் படகின் முன்னே நீர் பிளந்து இருபுறமும் சாய்ந்து விரிவதைப்போல, காற்று நெருக்குண்டு எழுந்த அதிர்ச்சி அலை அது. ஒலியினும் விரைந்து வரும் குண்டுக்குக் காற்று முன்கூட்டியே வழிவிட்டு விலக இயலாது. நெருக்கப்பட்டு அலையாக எழுகிறது. அவ்வலையை எழுப்பவே குண்டின் ஆற்றல் பெருமளவு செலவாகிறது. மூன்று மடங்குத் தடையின் காரணம் அந்த ஒரு வளைகோட்டில் விளங்கியது.

இக்காலப் படைக்கலச் சோதனைகளில், அசையாத படச்சுருளின் மீது மிக விரைந்து சுழலும் கண்ணாடி படங்களை வரிசையாக வீசிச் செல்லும் ஒளிப்படக் கருவிகளும் மின்னணுக் கருவிகளும் பயன்படுகின்றன. இந்தியாவில் ஒடிசாவின் சாந்திப்பூரில் 1895 முதல் பீரங்கிகள் சோதிக்கப்பட்டு வருகின்றன. 1961இல் சண்டிகரில் எறிபொருள் ஆய்வுக்கென்றே ஓர் ஆய்வகம் நிறுவப்பட்டது. அங்கெல்லாம் ஊசலுக்கு இன்று வேலை இல்லை. கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் அது இன்னும் தொங்குகிறது. சிறிய எஃகுக் குண்டு ஒன்றை அதில் பாயவிட்டு, அது ஆடிய அளவைக் குறித்துக்கொண்டு, மாணவர்கள் குண்டின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.